பூச்சாண்டிக்கு எத்தனை கண்?

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போகிறபோது ஒரு காரியம் செய்து பாருங்களேன். தேரடியிலிருந்து எண்ணூர் வரைக்கும் எத்தனை அசுர முகங்கள் கண்ணில் படுகின்றன என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். பாதி கட்டி நிற்கிற மாடி வீட்டின் முகப்பில் ஒன்று. பழைய பேண்ட் சட்டைக்குள் வைக்கோலைத் திணித்து, சட்டித் தலையோடு சாரத்தில் தொங்க விட்ட பொம்மை ஒன்று. அரிசிக் கடை வாசலில் போன ஆயுத பூஜைக்குக் கட்டின பூசணிக்காய், வெயிலில் வதங்கி, மீசை மட்டும் மிச்சமாக. துறைமுகத்துக்குப் போக எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் முதுகிலோ, கேட்கவே வேண்டாம்!

இதையெல்லாம் வரைகிறவர்கள் யாரும் ஓவியக் கல்லூரிக்குப் போனவர்கள் இல்லை. போர்டு எழுதுகிறவர், பூசணிக்காய் விற்கிறவர், சில சமயம் லாரி கிளீனர் பையனே. ஆனாலும் எல்லா முகத்துக்கும் ஒரே ஜாடை! பிதுங்கின கண், அதைச் சுற்றி வெள்ளை வட்டம், கடைவாயில் இரண்டு கோரைப்பல், மார்பு வரை தொங்கும் சிவப்பு நாக்கு, முறுக்கு மீசை. யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

கண்ணிலிருந்தே ஆரம்பிப்போம். பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தை கூட, ஒழுங்கில்லாமல் இறைந்து கிடக்கும் புள்ளிகளை விட, இரண்டு கண்ணும் வாயும் போல் அமைந்த கோலத்தைத்தான் அதிக நேரம் பார்க்கிறது என்று குழந்தை மனம் பற்றி ஆராய்கிறவர்கள் கண்டிருக்கிறார்கள். கூட்டத்தில் நூறு பேர் இருந்தாலும் நம்மையே முறைக்கிற ஒரு ஜோடிக் கண் நமக்குத் தெரிந்துவிடுகிறது, இல்லையா? அதிலும் கருவிழியைச் சுற்றி வெள்ளை தெரிந்தால் மனசு உடனே உஷாராகிறது. பயந்தவன் கண்ணும் கோபக்காரன் கண்ணும்தான் அப்படி விரியும். சில பட்டாம்பூச்சிகள் இறக்கையில் பெரிய கண் வைத்துக்கொண்டு பறவைகளை விரட்டுவதும் இதே தந்திரம்தான். திருஷ்டி பொம்மை வரைகிறவருக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தெரியாது. ஆனால், 'கண்ணைத்தான் முதல்ல பெருசா போடணும்' என்பது தெரியும்!

கண்ணுக்கு அடுத்தது பல். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. முழுக்க முழுக்கத் தெரியாத ஒன்றைக் கண்டால் நமக்குப் பயம் வருவதில்லை, 'இது என்ன?' என்ற குழப்பம்தான் வரும். பாதி தெரிந்து பாதி மாறியிருந்தால்தான் வயிற்றைக் கலக்கும். திருஷ்டி பொம்மையின் மீசை நம் தெருக்கோடி மாமாவின் மீசை. பல்லோ காட்டுப் பன்றியின் பல். கோயில் தூண்களில் நிற்கிற யாளியைப் பாருங்கள். சிங்க உடம்பு, யானைத் துதிக்கை. இரண்டும் தனித்தனியே நமக்குத் தெரிந்த மிருகங்கள். சேர்ந்து நிற்கிறபோதுதான் திக்கென்கிறது.

ஆனால் பல்லையும் கண்ணையும் ஒட்டவைத்துவிட்டால் மட்டும் பூதம் மனசில் நிற்காது. சினிமாவிலும் டி.வி. தொடர்களிலும் எத்தனை ரப்பர் பிசாசுகளைப் பார்த்தோம், எத்தனை ஞாபகம் இருக்கிறது? நிற்கிற பூதத்துக்கு ஒரு தேவை இருக்க வேண்டும். பெரும்பாலும் அது பசி.

உங்கள் பூஜை அலமாரியில் திருவாசி வைத்த சுவாமி விக்கிரகம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். வளைவின் உச்சியில், நடு மத்தியில், ஒரு முகம் மட்டும் இருக்கும். உடம்பு கிடையாது, கீழ்த்தாடை கூடப் பல இடங்களில் இருக்காது. கீர்த்திமுகம் என்று பெயர். ஜலந்தரன் என்ற அசுரன், பார்வதியைத் தனக்குத் தரும்படி ராகுவைச் சிவனிடம் தூது அனுப்பினானாம். சிவனுக்கு வந்த கோபத்தில் நெற்றிக்கண்ணிலிருந்து ஒரு பூதம் குதித்து ராகுவை விழுங்கப் பாய்ந்தது. ராகு காலில் விழுந்தான்; சிவன் மன்னித்துவிட்டார். பூதத்துக்கோ பசி. "எனக்குச் சாப்பாடு?" என்றது. "உன்னையே தின்னு" என்றார். அதுவும் காலில் ஆரம்பித்துத் தன் உடம்பையே தின்று தீர்த்தது, முகம் மட்டும் மிஞ்சும்வரை. மெச்சிப் போன சிவன் அதற்குக் கீர்த்திமுகம் என்று பேர் வைத்து வாசலில் இருத்திவிட்டார்.

எப்பேர்ப்பட்ட கற்பனை! பசி முழுவதும் முகமாகிவிட்ட பூதம். அதையே நாம் வாசல் காவலுக்கு வைத்திருக்கிறோம். லாரிக்குப் பின்னால் தொங்குவதை அதன் ஏழைத் தம்பி என்று சொல்லலாம். அதற்கு நம்மைப் பயமுறுத்தும் வேலை இல்லை. வருகிறவன் பார்வையை வீட்டின் மேல் விழாமல் முதலில் தன் மேல் இழுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். திருஷ்டியை நம்புகிறீர்களோ இல்லையோ, கண்ணைப் பிடித்து இழுக்கிற வேலையை அது சரியாகச் செய்கிறது.

பசி என்றதும் ராயபுரம் அங்காள பரமேஸ்வரி ஞாபகம் வருகிறாள். மாசி மாதம் சிவராத்திரிக்கு அடுத்து வரும் அமாவாசையில் அங்காளம்மன் கோயில்களில் மயானக் கொள்ளை நடக்கும். மேல்மலையனூர்தான் இதற்குத் தலைமைக் கோயில் என்றாலும் வட சென்னை சளைத்ததல்ல. முகத்தில் பச்சையும் நீலமும் சிவப்பும் பூசி, வாயில் பொய் நாக்கைக் கவ்வி, தலைமுடியை விரித்துக்கொண்டு, காளி வேஷக்காரர்கள் மேளத்துக்கு ஆடி வருகிறபோது பெரியவர்களுக்கே உடம்பு சிலிர்க்கும்.

இந்தத் திருவிழாவின் கதையைக் கேளுங்கள். பிரம்மாவின் தலையைக் கிள்ளிய பாவத்தால் அந்தக் கபாலம் சிவன் கையிலேயே ஒட்டிக்கொண்டது. பிச்சையாக விழுகிற சோற்றையெல்லாம் கபாலமே தின்றுவிடும். அவருக்கு ஒரு பருக்கை மிஞ்சாது. கடைசியில் அம்மன்தான் வழி கண்டாள். இரண்டு கவளத்தைக் கபாலத்தில் இட்டாள். மூன்றாவது கவளத்தைத் தரையில் இறைத்தாள். ருசி கண்ட கபாலம் பொறுக்கித் தின்னக் கையை விட்டுக் கீழே இறங்கியது. உடனே விசுவரூபம் எடுத்துக் காலால் மிதித்துவிட்டாள்! ஆயுதம் வேண்டியிருக்கவில்லை, சமைத்த சோறு போதுமாக இருந்தது. மயானத்தில் தானியமும் காய்கறியும் கொழுக்கட்டையும் சூறை விடுகிற வழக்கத்துக்கு இதுதான் காரணம் என்பார்கள்.

அந்தக் காளி வேஷக்காரர் முந்தின நாள் வரை மீன் ஏலத்தில் கூவினவராகவோ, ஹார்பரில் மூட்டை தூக்கினவராகவோ இருப்பார். குழந்தைக்கும் அவரைத் தெரியும். சாயம் ஏறினதும் அதே ஆள் வேறு ஒன்றாகிவிடுகிறார். வீறிட்டு அழுகிற குழந்தையை அம்மா இழுத்துக்கொண்டு ஓடுவதில்லை. கிட்டே தூக்கிக்கொண்டு போய் விபூதி வாங்கி நெற்றியில் இடுகிறாள்.

திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலில் இந்த இரண்டு முகமும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. வடிவுடையம்மன், பேரிலேயே வடிவு இருக்கிறது. பௌர்ணமி தோறும் பெண்கள் கூட்டம் அலைமோதும். அதே கோயிலில் வட்டப்பாறையம்மன், உக்கிரமான காளி. ஆதிசங்கரர் வந்து அவள் உக்கிரத்தைத் தணித்தார் என்று தலவரலாறு சொல்கிறது. கவனியுங்கள், தணித்தார், துரத்தவில்லை. அவளுக்கும் அங்கேயே சந்நிதி, அவளுக்கும் எலுமிச்சை மாலை.

சிரிக்க வைக்கிற பூதமும் உண்டு. 1957-ல் வந்த 'மாயா பஜார்' கடோத்கஜனை மறக்க முடியுமா? எஸ்.வி.ரங்காராவ் கதையும் கையுமாக உட்கார, லட்டுகள் தானே பறந்து அவர் வாய்க்குள் போகும்! கேமரா தந்திரம் மார்க்கஸ் பார்ட்லியுடையது. இன்றைக்கும் டி.வி.யில் போட்டால் பேரன் பேத்திகள் நகர மாட்டேன் என்கிறார்கள். அங்கேயும் பாருங்கள், சாப்பாடுதான்!

இனி, நம் கரையிலிருந்து கொஞ்ச தூரம் போய் வருவோம். ஜப்பான்காரர்கள் செய்த காட்ஸில்லா உலகத்துக்கே தெரிந்த பூதம். கொரில்லாவையும், அவர்கள் பாஷையில் திமிங்கிலத்துக்குரிய 'குஜிரா'வையும் சேர்த்துத்தான் 'கோஜிரா' என்று முதலில் பேர் வைத்தார்கள். அது வெறும் பொழுதுபோக்குப் பல்லி என்று நினைத்தால் தப்பு. 1954 மார்ச் 1-ம் தேதி அமெரிக்கா பசிபிக் கடலில் பிகினித் தீவில் ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. எதிர்பார்த்ததை விட இரண்டு மடங்குக்கும் மேல் பெரிதாக வெடித்தது. தூரத்தில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மேல் வெள்ளைச் சாம்பல் பனி மாதிரி கொட்டியது. படகில் 23 பேர். எல்லோரும் நோயில் விழுந்தார்கள்; ரேடியோ பார்த்தவர் அதே செப்டம்பரில் இறந்துபோனார். பிடித்து வந்த மீனைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். ஜப்பான் முழுக்க மீன் வாங்கவே ஜனங்கள் பயந்தார்கள்.

அந்த வருஷம் நவம்பரிலேயே படம் வந்துவிட்டது. ஒரு கப்பல் கடலில் ஒளி வெள்ளத்தில் எரிந்து மூழ்குவதில்தான் ஆரம்பம். மீன் கிடைக்காத காலத்தில் அந்தக் கடல் பூதத்துக்குப் பெண் குழந்தைகளைப் பலி கொடுப்போம் என்று படத்தில் ஒரு கிழவர் பழங்கதை சொல்வார். பூதத்தின் கரடுமுரடுத் தோலைப் பார்த்தவர்களுக்கு ஹிரோஷிமாவில் வெந்து பிழைத்தவர்களின் தழும்பு ஞாபகம் வந்தது என்பார்கள். அந்தக் கர்ஜனைக்கு எந்த மிருகமும் குரல் கொடுக்கவில்லை. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, பெரிய பிடில் போன்ற டபுள்-பாஸ் வாத்தியத்தின் தந்திகளைப் பிசின் தடவின தோல் கையுறையால் தேய்த்து அந்தச் சத்தத்தை உண்டாக்கினார். ரப்பர் உடைக்குள் ஒரு மனுஷன் வேர்த்து விறுவிறுத்து நடந்தான். தந்திரம் அவ்வளவுதான். ஆனால் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த வருஷம் எதற்குப் பயந்தோம் என்பது தெரிந்திருந்தது.

படகு, மீன், சாம்பல் என்றதும் எண்ணூர்க்காரர்களுக்கு என்ன தோன்றும்? 1970-ல் தொடங்கி 2017-ல் மூடின பழைய அனல் மின் நிலையம், அத்திப்பட்டுப் பக்கத்து வட சென்னை அனல் மின் நிலையம், அதன் சாம்பலைக் கொண்டுபோகிற குழாய்கள், அவை கசிந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்த சாம்பல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. படகும் வலையும் அலையாத்திச் செடியும் கறுத்தன, கூழைக்கடாக்களின் இறகில் கூட எண்ணெய். நாள் கணக்கில் தொழில் நின்றது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில், கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் அமோனியா கொண்டுவரும் குழாய் கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, மூச்சு முட்டி, கண் எரிய, பிள்ளைகளை வாரிக்கொண்டு ஓடினார்கள். 2004-ல் சுனாமி வந்ததும் ஒரு டிசம்பர் 26 தான்.

இந்தப் பூதத்துக்கு யார் கண் வரைவார்கள்? முகம் இல்லை, பல் இல்லை, நாக்கு இல்லை. காளி வேஷத்தைக் கண்டு அழுத குழந்தைக்கு விபூதி வைத்தால் சமாதானமாகிவிடும். வாசனையாக மட்டும் வருகிற ஒன்றைக் காட்டி அதற்கு என்ன சொல்வது? ஜப்பானியர் தங்கள் பயத்துக்கு ஒரு உடம்பு கொடுத்தார்கள்; அதைத் திட்டலாம், பார்த்து அழலாம். எண்ணூர் பூதத்தை இன்னும் யாராவது சரியாக வரைய வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது: அமோனியா வாசனை மூக்கைத் துளைத்தால் துணியைத் தண்ணீரில் நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக விலகிப் போங்கள். கண் எரிந்தால் தேய்க்காமல் கால் மணி நேரமாவது சுத்தத் தண்ணீரை விட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படம் வரையத் தேவையே இல்லாத ஒரு பேயும் நம்மிடம் உண்டு. நைட் ஷிப்ட் முடித்து விடியற்காலை வந்து படுத்த வீட்டுக்காரர், "ஏதோ மார்மேல ஏறி அமுக்கிச்சு. கத்தணும்னு பார்க்கறேன், குரலே வரல்லே" என்று வேர்த்து எழுந்ததுண்டா? அதுதான் அமுக்குவான் பேய். தலைமாட்டில் இரும்புத் துண்டு வைப்பார்கள், துடைப்பம் வைப்பார்கள். டாக்டர்கள் இதற்குச் சொல்லும் விளக்கம் ரொம்ப சுவாரஸ்யமானது. கனவு காணும் தூக்கத்தில், கனவில் ஓடினால் நிஜமாகவே எழுந்து ஓடிவிடாதபடி மூளை உடம்பின் தசைகளைக் கட்டிப் போடுகிறது. சில சமயம் மனசு விழித்துக்கொள்ளும், கட்டு அவிழ்ந்திருக்காது. கனவின் மிச்சமும் கண் முன்னால் ஆடும். அசைய முடியாத அந்தச் சில விநாடிகளில், அல்லது ஓரிரு நிமிஷங்களில், மார்பில் யாரோ உட்கார்ந்திருப்பதாகத் தோன்றுகிறது. இது நம் ஊர் விஷயம் மட்டுமில்லை. ஸ்விட்சர்லாந்தில் பிறந்த ஃபியூஸ்லி என்ற ஓவியர் 1781-ல் வரைந்த புகழ்பெற்ற படத்தில், தூங்குகிற பெண்ணின் மார்பில் ஒரு குட்டிப் பிசாசு குந்தியிருக்கிறது. அச்சு அசல் நம் அமுக்குவான்!

ஷிப்ட் மாறி மாறி வேலை பார்க்கிறவர்களுக்கும், தூக்கம் கெட்டவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். பகலில் தூங்குகிறவருக்கு அறையை இருட்டாக்கிக் கொடுங்கள். வந்துவிட்டால் பதறி எழப் போராடாமல், நிதானமாக மூச்சு விட்டு, கால் கட்டை விரலை மட்டும் அசைக்கப் பார்த்தால் போதும். அடிக்கடி வந்து, பகலிலும் திடீர் திடீரென்று தூங்கி விழுந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, பூச்சாண்டிக்கு வருவோம். உடம்பெல்லாம் சாம்பல் பூசிப் பிச்சைக்கு வந்த ஆண்டிதான் பூச்சாண்டி ஆனான் என்று சிலர் சொல்வார்கள். பூச்சு, ஆண்டி. பொருத்தமாகத்தான் இருக்கிறது. 'சாப்பிடல்லேன்னா பூச்சாண்டி கிட்டே புடிச்சுக் குடுத்துடுவேன்' என்று மிரட்டாத தாய்மார் யார்? ராயபுரத்து ஆயாவும் மிரட்டினாள், நாமும் மிரட்டுகிறோம். ஆனால் இந்தப் பூச்சாண்டிக்கு யாரும் கண், மூக்கு சொல்வதே இல்லை. கோணிப்பை மட்டும் உண்டு. முகம் காலியாக இருப்பதால் பிள்ளை அதில் எந்த முகத்தையும் ஒட்டிவிடும். பழைய பேப்பர் வாங்க வருகிறவர் முகத்தை, வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த பாஷை தெரியாத ஆள் முகத்தை, ஊசி போடுகிற டாக்டர் முகத்தை.

பெரியவர்களும் ஒட்டுகிறோம். 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிற கும்பல் நடமாடுகிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர்ப் பக்கம், கோயிலுக்கு வந்த சென்னைப் பெண்மணி ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அறுபது வயதைத் தாண்டியவர். சந்தேகப்பட்டு அடித்தே கொன்றுவிட்டார்கள். அதே சமயம் எண்ணூருக்குக் கொஞ்சம் வடக்கே பழவேற்காட்டில், ஊர் பேர் தெரியாத ஒரு மனிதரை அடித்துப் பாலத்தில் தொங்க விட்டார்கள். அடித்தவர்கள் எல்லோரும் சின்ன வயதில் கோணிப்பைக்காரன் கதை கேட்டுச் சோறு தின்றவர்கள்தான். கதையால்தான் கொலை நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வதந்தியைச் சுலபமாக நம்புவதற்கு ஒரு காலி முகம் தயாராக இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் குழந்தைக்கு பூதக் கதையே சொல்லக் கூடாதா? தாராளமாகச் சொல்லுங்கள். மூன்றிலிருந்து ஆறு வயது வரை இருட்டுக்கும் பூதத்துக்கும் பயப்படுவது இயல்பு; கற்பனை நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். 'சீ, இதுக்கெல்லாம் பயப்படுவாங்களா?' என்று கேலி பண்ணாதீர்கள். சோறு ஊட்ட, தூங்க வைக்க மட்டும் பூதத்தைக் கூப்பிடாதீர்கள். தட்டைக் கண்டாலே பயம் வந்துவிடும். மிரட்டலுக்குப் பதில் வரையச் சொல்லுங்கள். 'உன் பூச்சாண்டிக்கு எத்தனை கண்ணு? செருப்பு போட்டிருக்கா? அதுக்கு என்ன புடிக்கும், இட்லியா, பஜ்ஜியா?' என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து கண்ணும் ஒரு வாலுமாக ஒன்று வந்து நிற்கும். அதற்குப் பேர் வைக்கிற உரிமை பிள்ளையுடையது.

தூங்க ஆரம்பித்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் குழந்தை வீறிட்டு எழுந்து, கண் திறந்திருந்தும் உங்களை அடையாளம் தெரியாமல் கத்தினால் உலுக்கி எழுப்ப வேண்டாம். விழுந்து அடிபடாமல் பக்கத்தில் இருந்தால் போதும்; தானே அடங்கித் தூங்கிவிடும், காலையில் ஞாபகம் இருக்காது. விடியற்காலையில் கனவு கண்டு அழுதால் அது வேறு. அப்போது எடுத்து அணைத்து, கனவைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். இரவு விளக்கு மங்கலாக, சுவர்ப் பக்கம் திரும்பி இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: படுக்கைக்கு எதிரே உள்ள ஆணியில் அப்பாவின் சட்டையை மாட்டாதீர்கள். ஃபேன் காற்றில் கை ஆட்டுகிற முதல் பூச்சாண்டி அதுதான்.